நாற்பத்தைந்து டேக்

இரண்டு மாதத்துக்கு முன்பு எனக்குக் காய்ச்சல். கம்பத்தில் எங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருக்கிறது. படுக்க வைத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். வலிக்காமல் ஊசியைக் குத்தி, பிளாஸ்திரி ஒட்டிவிட்டு, நர்ஸ் ஜெசிந்தா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறாராம். எனக்கு நிறைய இங்கிலீஷ் தெரியும் என்று அதிலிருந்து எப்படியோ முடிவு செய்திருக்கிறார். தனக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டார்.

கையில் ஊசி ஏறியிருக்கும்போது முடியாது என்று யாராவது சொல்வார்களா? உடனே ஒப்புக்கொண்டேன்.

விஷயம் இதுதான். ஜெசிந்தாவுக்கு முப்பத்தெட்டு வயது. பதினான்கு வருஷமாக இதே ஆஸ்பத்திரி. ஒரு பெரிய ஐ.சி.யூ.வில் வேலை பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரி வரச் சொல்லிவிட்டது... ஆனால் இங்கிலீஷ் தேர்வில் தேறியாக வேண்டும். படிப்பது, எழுதுவது, கேட்பது மூன்றிலும் ஜெசிந்தா பாஸ். பேசுவதில் மட்டும் இரண்டு முறை ஃபெயில்.

தேர்வு நடத்துபவர் நோயாளி மாதிரி நடிப்பார். இவர் நர்ஸாக அவரிடம் ஐந்து நிமிஷம் பேச வேண்டும். இரண்டு தடவையும் வாயைத் திறந்து, சரியான வார்த்தையைத் தேடி... தேடி... நேரமே முடிந்துவிட்டதாம்.

"இந்தத் தடவையும் போச்சுன்னா வேற ஆளப் போட்டுக்கிருவாகக்கா" என்றார். சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த வாத்தியாரம்மா எழுந்துவிட்டார். ஒரே ஒரு வினைச்சொல்லை எடுத்துக்கொண்டு முழுசாகச் சொல்லிக்கொடுத்துவிட்டால் பாதி இங்கிலீஷ் வந்துவிடும் என்பது என் கணக்கு. தேர்ந்தெடுத்தது — டேக். இரண்டு நாள் உட்கார்ந்து நோட்டுப் போட்டேன். டேக் ஆஃப், டேக் ஆன், டேக் அப், டேக் ஓவர், டேக் ஆஃப்டர்... மொத்தம் நாற்பத்தைந்து.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜெசிந்தா வீட்டில் வகுப்பு. கணவர் அந்தோணியும் காபி டம்ளரோடு வந்து உட்கார்ந்தார். மலைமேல் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர் அவர். விமானம் கிளம்புவதும் டேக் ஆஃப், சட்டையைக் கழற்றுவதும் டேக் ஆஃப் என்றேன். அந்தோணிக்கு அது பிடிக்கவில்லை. வெள்ளைக்காரனுக்கு வேறு வார்த்தையா கிடைக்கவில்லை என்று கேட்டார்.

விடுவேனா? நம் 'எடு' மட்டும் என்னவாம்? பசி எடுக்கிறது. பாம்பு படம் எடுக்கிறது. தீபாவளிக்குத் துணி எடுக்கிறோம். ரத்தம் எடுக்கிறோம், எக்ஸ்ரே எடுக்கிறோம், லீவு எடுக்கிறோம், வாந்தி எடுக்கிறோம். நல்ல குடும்பமாகப் பார்த்துப் பெண் எடுக்கிறோம். பிறகு ஒருவர் உயிரை ஒருவர் எடுக்கிறோம். இதையெல்லாம் நோட்டுப் போட்டா படித்தோம்?

அந்தோணி காபியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்துவிட்டார். நான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் போனது. நானே நோயாளியாக நடித்து ஜெசிந்தாவைப் பேசச் சொன்னேன். வாயைத் திறந்தார். நின்றார். முன்பு வார்த்தை தெரியாமல் நின்றவர், இப்போது நாற்பத்தைந்தில் எது என்று தெரியாமல் நிற்கிறார். தேர்வுக்கு இன்னும் நான்கு நாள். நான்தான் கெடுத்துவிட்டேனோ?

மறுநாள் ரத்தப் பரிசோதனைக்காக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஒரே சத்தம். மலைமேல், கேரளாவில் கட்டப்பனைப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர், காலில் வெட்டுக்காயம். அந்தோணிதான் ஜீப்பில் கொண்டுவந்திருக்கிறார். பாதிக் கட்டுப் போட்டதும், போதும், வீட்டுக்குப் போகிறேன் என்று தோட்டக்காரர் எழுந்து நிற்கிறார்.

ஜெசிந்தா இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஆரம்பித்தார். "சேட்டா, இவிட உட்காரு. காலு அனக்கண்டா. இப்பப் போனா நாளைக்குச் சீழ் வரும், கேட்டோ?"

அவர் காலை அசைக்காமல் உட்கார்ந்துவிட்டார்.

மலையாளம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். எங்கேயும் படிக்கவில்லையாம். மலையிலிருந்து வருகிறவர்களிடம் பேசிப் பேசி வந்ததாம். அதில் பாதிக்கு மேல் தமிழ்.

"அக்கா, இவ பேசுனதுல ஒரு வார்த்தையாவது உருப்படியா இருந்துச்சா? ஆனா அவுக உக்காந்தாகள்ல?" என்றார் அந்தோணி. "பரிச்சையில வர்றவுகளும் சீக்காளிதேன. இவுகளத் திட்டுன மாதிரியே அவுகளையும் திட்டிட்டு வரட்டும்."

இலக்கணம் என்று ஒன்று இருக்கிறதே என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். எங்கள் எல்லைப் பக்கத்தில் யார்தான் தப்பு மலையாளம் பேசாதவர்? கேரளாவிலிருந்து காய்கறி வாங்க வருகிறவர்கள் தப்புத் தமிழ் பேசுகிறார்கள். யாரும் யாரையும் பார்த்துச் சிரித்ததில்லை. இங்கிலீஷ் என்றால் மட்டும் ஏன் போலீஸ் ஸ்டேஷனில் நிற்பதுபோல் நிற்கிறோம்? மலையாளத்துக்கு நமக்கு யாரும் மார்க் போட்டதில்லை. இங்கிலீஷை மார்க் வழியாகத்தான் தெரியும். அவ்வளவுதான் வித்தியாசம் என்று தோன்றியது.

ஜெசிந்தா தேர்வுக்குப் போய்வந்தார். எப்படி என்று கேட்க எனக்குப் பயம்.

போன வாரம் ரிசல்ட். பாஸ். பன்னீர்த் திராட்சைப் பெட்டியோடு வீட்டுக்கே வந்துவிட்டார். ஜனவரியில் கிளம்புகிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

என்னதான் பேசினீர்கள் என்று கேட்டேன். தேர்வு நடத்திய அம்மாள், மாத்திரை சாப்பிட மாட்டேன், வீட்டுக்குப் போகிறேன் என்று அடம்பிடிக்கிறவராக நடித்தாராம். இவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டதாம். சிட் டவுன் என்றிருக்கிறார். முதலில் டேக் ஃபுட், அப்புறம் டேக் டேப்லெட், அப்புறம் டேக் ரெஸ்ட், டோன்ட் டேக் டென்ஷன் என்று ஐந்து நிமிஷம் விடாமல் வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். அந்த அம்மாள் கடைசியில் சரி என்று தலையாட்டிவிட்டாராம்.

'டேக் டென்ஷன்' இங்கிலீஷே இல்லை என்று நான் ஜெசிந்தாவின் நோட்டில் சிவப்பு மையால் அடித்திருந்தேன். இருந்தாலும் பெருமையை அடக்க முடியவில்லை. பார்த்தீர்களா, நான் சொல்லிக்கொடுத்த டேக்தான் கைகொடுத்திருக்கிறது என்றேன்.

ஜெசிந்தா தயங்கினார். பொய் சொல்லத் தெரியாத மனுஷி.

"கோவத்துல அந்த நாப்பத்தஞ்சும் மறந்துபோச்சுக்கா. மறந்த பெறகுதேன் பேச்சே வந்துச்சு."

என்னிடம் படித்து, அத்தனையும் மறந்து, அதனாலேயே தேறிய முதல் மாணவி!