அவர் படுத்திருந்த மாதங்களில் நான் ஜீப் ஓட்டினேன்

மதுரையில் டாக்டர் என் வீட்டுக்காரரின் பெருங்குடலில் புற்றுநோய்க் கட்டி இருக்கிறது என்று சொன்னபோது எனக்கு முதலில் வந்தது கோபம். நாலு மாதமாக ரத்தம் போயிருக்கிறது. மனுஷன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏலக்காய் எடுக்கும் பெண்களைத் தினமும் போடியிலிருந்து மலைக்கு ஜீப்பில் ஏற்றிப் போகிறவர் அவர். அதே ஜீப்பின் பின்சீட்டில் உட்கார்ந்து காய் எடுக்கப் போகிறவள் நான். நாளெல்லாம் சூடான சீட்டில் உட்காருவதால் வருகிறது என்று நினைத்தாராம்.

"வேற எங்கயும் பரவலம்மா. ஆபரேஷன்ல எடுத்துட்டு ஆறு மாசம் மருந்து ஏத்துவோம். குணமாக நல்ல வாய்ப்பு இருக்கு" என்றார் டாக்டர். கடைசியாகச் சொன்னதை மட்டும் நான் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

போடிக்குத் திரும்பும் ரயிலில் அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். தேனி தாண்டியதும், "ஜீப்ப வித்துரலாமா?" என்று கேட்டார்.

"வேணாம். நான் ஓட்டுறேன்."

எங்கிருந்து அந்தப் பேச்சு என் வாயில் வந்தது என்று தெரியவில்லை. அன்று முழுக்கச் சிரிக்காதவர் சிரித்தார். "சைக்கிளே ஒனக்கு ஒழுங்கா வராது புள்ள."

"நீங்க சொல்லிக்குடுங்க. வரும்."

மறுநாள் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். "ஆத்தா, வண்டிய நான் பாத்துக்கறேன். அவர நீ பாத்துக்க" என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. வெளியே வரும்போது உடம்பு லேசாக இருந்தது. அவர் பிழைத்துவிடுவார் என்ற நம்பிக்கை அன்றைக்கு வந்தது. பயம் அதற்குப் பிறகும் அடிக்கடி வந்தது. நம்பிக்கை மட்டும் போகவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, புண் ஆறியபின் மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். ஒவ்வொரு தடவையும் நாலைந்து நாள் சுருண்டு படுப்பார். கஞ்சி வாடையே ஆகாது. எழுந்து நடக்க முடிந்த அன்றே, "கெளம்பு, பழகுவோம்" என்பார். எல்எல்ஆர் வாங்கியிருந்தேன். மலையடிவாரத் தரிசில், வயிற்றுக்கு ஒரு தலையணையை அணைத்தபடி பக்கத்துச் சீட்டில் உட்காருவார். நான் வண்டியை நகர்த்துவேன், அது இருமிவிட்டு நிற்கும்.

"கிளச்ச டக்குனு விடாத. ஆட்டுக்குட்டிய எறக்கிவிடுற மாதிரி விடு."

பத்தாவது முறையோ பதினைந்தாவது முறையோ, வண்டி குலுங்காமல் கிளம்பியது. கள்ளிவேலி வரைக்கும் போய்த் திரும்பினேன். அவர் கதவைத் தட்டித் தாளம் போட்டார். அந்த ஒரு மணி நேரம் எங்கள் வாயில் நோயைப் பற்றிய பேச்சே இல்லை. அடுத்த தடவை மருந்து ஏற்றிய அன்றும் படுக்கையிலிருந்தபடி எனக்கு ரிவர்ஸ் எடுப்பதை விளக்கிக்கொண்டிருந்தார். ஊசி போட்ட நர்ஸ் நின்று கேட்டுவிட்டுப் போனார்.

லைசென்ஸ் கிடைத்தபின் போடிமெட்டுச் சாலையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் எத்தனையோ தடவை ஏறி இறங்கினோம். அவர் சரி என்று சொன்ன பிறகுதான் ஆள் ஏற்றினேன். அந்த முதல் நாள் காலையில் அவர் மருந்துக் களைப்பில் வீட்டில் இருந்தார். பின்னால் எட்டுப் பெண்கள். தினமும் காது கிழியப் பேசுகிறவர்கள், மூன்றாவது வளைவு வரை மூச்சு விடவில்லை.

"என்ன, சத்தத்தையே காணோம்?"

"சாமி கும்புட்டுக்கிட்டு வர்றோம் மதினி. நீ ரோட்டப் பாரு" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

பாதி மலையில், ஒரு வளைவின் நடுவில் லோடு லாரி எதிரே வந்து நின்றது. லோடோடு அது பின்னுக்கு ஏறாது, நான்தான் பின்னால் போக வேண்டும். ஒரு பக்கம் பள்ளம். கண்ணாடியைப் பார்த்து, கிளச்சை மெல்ல விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு எடுத்து மலைச்சுவரோரம் அணைத்து நிறுத்தினேன். லாரிக்காரர் கடக்கும்போது கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். என் நெஞ்சு அடித்த தாளத்துக்கு நான் பாட்டுப் பாடாததுதான் பாக்கி.

மேலே போய் அவருக்குப் போன் போட்டேன். "ஏறிட்டேங்க."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "லாரிக்கு ஒதுங்கி நின்னியாமே. அந்த வளைவ எத்தனாவது கியர்ல எடுத்த?" என்றார். அதற்குள் யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள்.

மருந்தெல்லாம் முடிந்து எடுத்த ஸ்கேனில் எதுவும் இல்லை என்றார் டாக்டர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும். நான் அங்கேயே அழுதேன். அவரோ திரும்பும் ரயிலில் எதிர்சீட்டுக்காரரிடம் ஸ்கேனைப் பற்றி மூச்சு விடவில்லை. "என் சம்சாரம் மலையில ஜீப்பு ஓட்டுறா" என்று ஆரம்பித்தவர், போடி வரும்வரை நிறுத்தவில்லை.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் பசிக்கிறது என்றார். எத்தனையோ மாதங்களாக அவர் வாயிலிருந்து நான் கேட்காத சொல் அது. பக்கத்துக் கடையில் இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு, "இன்னொண்ணு கொண்டாங்க, மொறுகலா" என்றார். நான் என் தோசையைத் தொடாமல் அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.