படத்தில் மாறிய எண்

விபத்துக்குப் பிறகு என் கணவர் சக்கர நாற்காலியில்தான் நடமாடுகிறார். அவர் தனியாகக் குளிக்கப் போய்வர, குளியலறைக் கதவுநிலையை அகலமாக்க நினைத்தோம். சுவரைப் படமெடுத்து, அம்புக்குறி போட்டு, ‘36 அங்குலம்’ என்று எழுதிக் கரவெட்டி ஊர்த் தச்சருக்கு அனுப்பினேன்.

அவர் கொண்டுவந்த நிலைக்குள் நாற்காலி நுழையவில்லை. “நீங்கள் அனுப்பின அளவுதானே அக்கா” என்று தன் போனை நீட்டினார். அதில் 26!

நான் அனுப்பிய படத்தை என் போனில் காட்டினேன். “என்ரை 3 உங்கடை போனிலை எப்பிடி 2 ஆனது?” என்று கத்திவிட்டேன்.

“ஆரோ வேண்டாமெண்டு விட்ட நிலை கிடந்தது...” என்று முனகினார். அதை எங்கள் தலையில் கட்டப் படத்தையே திருத்தியிருக்கிறார்!

“புதுசு செய்யாமல் இஞ்சை வராதேங்கோ” என்றேன். செய்து தந்தார்.

இப்போது அளவுநாடாவைச் சுவரில் பிடித்தபடியே படமெடுக்கிறேன். எழுதிய எண்ணைத் திருத்தலாம்; நாடாவைத் திருத்தட்டும் பார்ப்போம்.