கருமாதி வீட்டு வைஃபை

என் கணவரின் கருமாதிக்கு அசாம் ஜாவா ஊரில் இருக்கும் எங்கள் வீடு நிறைய ஆட்கள். வந்த பிள்ளைகளெல்லாம் "ஆண்ட்டி, வைஃபை பாஸ்வர்ட் என்ன?" என்று அடுப்படி வரை வந்து கேட்டதில் கோபம் வந்து, அதைப் பெரிய எழுத்தில் எழுதி வாசலில் போட்ட கூடாரத்தின் காலில் ஒட்டிவிட்டேன். கை கழுவ எங்கே போவது என்று கேட்பதைப் போலத்தானே இதுவும்.

எல்லோரும் போன பிறகு, வேலை பார்க்கும் ரவாங்குக்குத் திரும்பிவிட்ட மகன் போனில் கூப்பிட்டான். "ஊரே நம்ம லைன்ல இருக்கும்மா. எவனாச்சும் உள்ள பூந்து ஏதாச்சும் பண்ணா நம்ம பேர்தான் கெடும். மாத்திருங்க லா." அவன் எப்போதும் இப்படித்தான். வேலையைச் சொல்வான், வைத்துவிடுவான். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை வராது. கல்நெஞ்சக்காரன் என்று நினைத்துக்கொள்வேன்.

அவன் சொல்லச் சொல்ல, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த எண்களைப் பார்த்து என் போனில் தட்டி, அதன் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போனேன். வைஃபை பாஸ்வர்டை மாற்றினேன். அந்தப் பக்கத்தைத் திறக்கும் அட்மின் பாஸ்வர்டையும் மாற்றச் சொன்னான், மாற்றினேன். எனக்கே என்மேல் கொஞ்சம் பெருமை.

மறுநாள் காலை வீடு அடங்கிக் கிடந்தது. ஏனென்று புரியச் சற்று நேரமாயிற்று. என் கணவரின் படத்தருகே சார்ஜில் வைத்திருக்கும் அவர் போன் சத்தம் போடவில்லை. அதில் டாப் அப் எப்போதோ முடிந்துவிட்டது, வைஃபையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. விடிந்தால் போதும், எஸ்டேட் கூட்டாளிகளின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து டிங் டிங் என்று வணக்கங்கள் வரும். அவர் இருந்தபோது அந்தச் சத்தத்துக்காகத் திட்டியிருக்கிறேன். இப்போது அது இல்லாமல் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டேன். புதிய பாஸ்வர்டைப் போடலாமென்றால் போன் பூட்டியிருந்தது. திறக்கும் எண்ணை அவர் யாருக்கும் சொல்லவில்லை.

உட்கார்ந்து அழுதேன். பிறகு ஆத்திரம் வந்தது. மறுபடி ரவுட்டர் செட்டிங்ஸில் நுழைந்து, அவர் போனுக்குத் தெரிந்த பழைய பாஸ்வர்டையே ஓரெழுத்துப் பிசகாமல் போட்டேன். ஊர் உள்ளே வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். இதுவரை சத்தத்தைக் கேட்டதோடு சரி, திரையைப் பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்தில் டிங். பூட்டிய திரையிலேயே ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. வணக்கம், பூப்படம், மறுபடி வணக்கம். நடுவில் மகனின் பெயர், இன்று காலை அனுப்பியது.

"அப்பா, வேலைக்குப் போறேன். பசியாறிட்டீங்களா?"

சாயங்காலம் அவன் கூப்பிட்டான். "பாஸ்வர்ட் மாத்தினது ஓக்கேதானே?"

"ஓக்கேதான்பா" என்றேன். "நீ பசியாறினியா?"