கடைக்கு வந்தால் நடிக்கும் மிஷின்

இரத்தத்தில் சீனி பார்க்கும் மிஷினை விற்பவனிடம் "நல்லா வேலை செய்யுது" என்று சொல்ல யாரும் திரும்பி வருவதில்லை. "எண் சரியில்லை" என்று சொல்லத்தான் வருவார்கள். மலாக்காவில் ஒரு மருந்துக் கடையின் கவுண்டரில் எனக்கு அதுதான் வேலை. நானும் இனிப்பு நீர்க்காரன்தான். காலையில் எழுந்ததும் விரலைக் குத்தி, எண் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களுக்கு நான் சொல்வது புரியும். எண் பிடிக்கவில்லை என்றால் அடுத்த விரலைக் குத்துவீர்களே, அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் நான்.

நடிக்கிற மிஷின்

கமலா அக்கா குருபோங் தொழிற்பேட்டை வாசலில் காலையில் இடியாப்பம் விற்பவர். எங்களிடம் மிஷின் வாங்கிக் கொஞ்ச நாளில் திரும்பி வந்தார். காலையில் வெறும் வயிற்றில் பார்த்தாலும், ஏழுக்குள் இருக்க வேண்டியது பன்னிரண்டு, பதின்மூன்று என்று காட்டுகிறதாம். காலை எண் கூடினால் இரவு போடும் இன்சுலினைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தார் கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி. அக்காவும் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். எண் இறங்கவில்லை. விடியற்காலையில் கை நடுக்கமும் தலைச்சுற்றலும் வேறு.

இரத்தம் தொடும் ஸ்டிரிப் அட்டையில் சோதனைத் திரவத்தை ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். மிஷின் சரியாக இருந்தது. அக்காவின் விரலைக் குத்தினேன். ஆறு. இரவு ஊசியை இனிமேல் கூட்ட வேண்டாம், இந்த வாரமே கிளினிக்கில் கேளுங்கள் என்றேன். கூடவே, குத்துவதற்கு முன் கையைக் கழுவுகிறீர்களா என்றும் கேட்டேன். அக்காவின் முகம் மாறிவிட்டது. "எத்தன வருஷமா இந்தக் கையால ஊருக்கே சோறு போடுறேன். என் கை சுத்தமில்லன்னு சொன்ன முத ஆளு நீதான் தம்பி." சாப்பாடு விற்பவரிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. மிஷினைத் துடைத்து அவரிடம் நீட்டினேன். மிஷினைப் பைக்குள் திணித்துக்கொண்டு வாசல்வரை போனவர், திரும்பி நின்று சொன்னார்: "வீட்டுல அடங்காத பிள்ளை ஸ்கூல்ல நல்லா நடிக்கிற மாதிரி, இதுவும் உன் கடைக்கு வந்தா நடிக்குது லா!"

நூற்று நாற்பது

சுங்கை ரம்பாயிலிருந்து கணேசன் அண்ணன் மகனைக் காரோட்டச் சொல்லி வந்து இறங்கினார். முகம் வெளுத்திருந்தது. சென்னையிலிருந்து வந்த மைத்துனி அங்கே வாங்கிய மிஷினைப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். குத்திப் பார்த்தால் நூற்று நாற்பது. ஏழு, எட்டு என்று பார்த்தே பழகிய மனிதர். சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டாகிவிட்டது. அவர் தங்கை வீட்டில் அழுகை வேறு.

அங்கே அளவு வேறு, இங்கே அளவு வேறு, அந்த எண்ணைப் பதினெட்டால் வகுத்தால் நம் எண் வந்துவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். எட்டுக்கும் கொஞ்சம் குறைவு. காப்பி குடித்த பிறகு பார்த்தாராம், அதற்கு மோசமில்லை. கமலா அக்காவும் இப்படி எதையாவது குழப்பிக்கொள்கிறாரோ என்று எனக்குள் ஓடியது. இல்லை, அவருடையது நான் விற்ற மிஷின். கணேசன் அண்ணன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார்: "அப்ப அங்க உள்ளவங்க எல்லாம் நம்மள விடப் பதினெட்டு மடங்கு இனிப்பாவா இருக்காங்க?"

நல்லெண்ணம் கொண்ட டப்பா

சுங்கை ஊடாங்கில் எண்ணெய் லாரி ஓட்டும் சேகர் நேர்மாறு. அவனுக்கு எப்போதும் நல்ல எண்தான். ஐந்து, ஐந்தரை. அந்தத் தைரியத்தில் தினமும் இனிப்பான தே தாரிக் டீ, கூடவே ரொட்டி. கால் புண் மட்டும் ஆறவில்லை. களிம்பு வாங்க வந்தவனிடம் ஸ்டிரிப் டப்பாவை எங்கே வைக்கிறாய் என்று கேட்டேன். லாரியின் டேஷ்போர்டில், கண்ணாடிக்குப் பக்கத்தில். மூடியும் சரியாக மூடவில்லை. மதிய வெயிலில் அந்த இடத்தில் முட்டையே வெந்துவிடும்.

புது டப்பாவைப் பிரித்து அவன் விரலைக் குத்திப் பார்த்தேன். பதினொன்று. இன்றே கிளினிக்குக்குப் போய்க் காலைக் காட்டு என்று அவனை அனுப்பிவிட்டு, உடனே கமலா அக்காவுக்குப் போன் போட்டேன். டப்பாவை எங்கே வைக்கிறீர்கள்? அலமாரியில், இறுக மூடி. கிளினிக்குக்குப் போனீர்களா? அடுத்த வாரம் போகணும் தம்பி. அவ்வளவுதான். போனை வைத்த பிறகும் கை ஓயவில்லை. அடுக்கியிருந்த டப்பாக்களையே எடுத்து எடுத்து மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தேன். சேகர் போகும்போது சொன்னது வேறு காதில் நின்றது: "பழைய டப்பாவையே குடுங்கண்ணே, அதுதான் என் மனசப் புரிஞ்சு நடந்துச்சு."

பாங்கு

மசாலைக் கடை வைத்திருக்கும் பாய் ஒருநாள் மூன்று மிஷின்களைக் கவுண்டரில் வரிசையாக வைத்தார். மூன்று பிள்ளைகளும் ஆளுக்கொன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரே விரல், ஒரே சமயம். ஒன்று எட்டு, ஒன்று எட்டரை, ஒன்று ஒன்பது. எது உண்மை?

உள்ளே இருந்து எங்கள் மருந்தாளர் ராஜினி மிஸ் வந்தார். "எட்டை ஒன்பதுன்னு சொல்ல இதுக்கெல்லாம் அனுமதி உண்டு பாய். எட்டைப் பதினாலுன்னு சொன்னா மட்டும், மிஷினை விட்டுட்டு ஆளைப் பாக்கணும்." பாய்க்கு அது போதவில்லை. எனக்கும்தான். ஆளைப் பார்ப்பது என்றால் எங்கே போய்ப் பார்ப்பது? பாய் மூன்றையும் திரும்பப் பையில் போட்டபடி சொன்னார்: "வீட்டுலயும் மூணு கடிகாரம் தம்பி, மூணும் மூணு நேரம் காட்டும், ஆனா பள்ளிவாசல்ல ஒரு பாங்கு கேக்குமே, இதுக்குப் பாங்கு சொல்றது யாரு?"

குருபோங், காலை

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிளைக் குருபோங் பக்கம் திருப்பினேன். தொழிற்சாலை ஷிப்ட் மாறும் நேரம். கடையைச் சுற்றிக் கூட்டம். கமலா அக்காவின் கணவர் மணியம் அண்ணன் ஆவிச் சட்டியைப் பார்த்துக்கொள்ள, அக்கா தாளில் இடியாப்பத்தை வைத்து, தேங்காய்ப்பூவைப் போட்டு, சிவப்புச் சீனியை மூன்று விரலால் அள்ளித் தூவி மடித்துக்கொண்டிருந்தார். மடித்த கையோடு இடுப்பிலிருந்த ஈரத்துண்டில் விரலைத் துடைப்பார். மறுபடி சீனி. மறுபடி துண்டு. ஒரு தடவைகூடத் துடைக்க மறக்கவில்லை. அப்படிச் சுத்தம். துண்டின் அந்த முனை மட்டும் தேயிலைச் சாயம் ஏறியதுபோலப் பழுப்பாக இருந்தது.

கூட்டம் கொஞ்சம் விலகியதும் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நெற்றி முழுக்க வியர்வை. கை நடுங்கியது. தினமும் இந்த நேரத்தில் இங்கேதான் பார்ப்பாராம். நடுங்கும் கையாலேயே பையைத் திறந்து, விரலைத் துண்டில் துடைத்து, குத்தினார். பதினான்கு.

"பாத்தியா?" என்றார் மணியம் அண்ணன் என்னிடம். "ராத்திரி ரெண்டு யூனிட் கூட்டிப் போட்டும் இந்த லட்சணம். இவ வாய அடக்குறதே இல்ல."

"நான் இன்னும் பச்சத்தண்ணிகூடக் குடிக்கல, ஆமா" என்றார் அக்கா. நாக்கு குழறியது. பார்வை என்னைத் தாண்டி எங்கோ போனது.

பதினான்கு உள்ளவர் இப்படி வியர்த்து நடுங்கமாட்டார். சீனி இறங்கினால் வரும் நடுக்கம் அது. எனக்கே வந்திருக்கிறது. சீனியை ஒரு கை அள்ளித் தண்ணீரில் போட்டுக் கலக்கினேன். மணியம் அண்ணன் பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"டேய், பதினாலுடா! கொல்லப் போறியா?"

"அண்ணே, மிஷினப் பாக்காதீங்க. அக்காவப் பாருங்க."

"நீதானே சொன்ன மிஷின் சரியா இருக்குன்னு!"

சொன்னேன்தான். பிடியை விடாமல் நின்றார். கலவையைச் சட்டிப் பக்கத்தில் வைத்தேன். இடது கையால் குடிதண்ணீர்ப் போத்தலை எடுத்து, அக்காவின் கையில் ஊற்றிக் கழுவி, என் கைக்குட்டையில் துடைத்து, புது ஸ்டிரிப் போட்டு வேறு விரலைக் குத்தினேன். மிஷின் எண்ணிக்கொண்டிருந்த அந்தச் சில வினாடிகளில் அண்ணனும் நானும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு நின்றோம்.

இரண்டு புள்ளி ஒன்பது.

அண்ணனின் பிடி தானாகக் கழன்றது. கலவையை அவரே எடுத்து, அக்காவின் தலையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். இடியாப்பம் கேட்டு வந்து நின்ற ஒரு மலாய்ப் பெண் ஒன்றும் கேட்காமல் குடையை அக்காவின் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் நெற்றி காய்ந்தது. மறுபடி கழுவிப் பார்த்தோம். ஐந்தைத் தொட்டிருந்தது. கடையை அப்படியே மூடி, அண்ணன் அக்காவைக் கிளினிக்குக்குக் கிளப்பினார். அக்கா எழுந்து நின்று தன் மூன்று விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தார். பிசுபிசுத்திருக்க வேண்டும். பிறகு இடுப்புத் துண்டை அவிழ்த்து, முனையை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இத்தன நாளா நான் பாத்தது என் ரத்தத்த இல்லயா தம்பி, இந்தத் துண்டயா?"

மிஷின் பொய் சொல்கிறது என்றால் உடனே நம்பும் நம்மவர்கள், கையைக் கழுவிவிட்டு வாருங்கள் என்றால் மட்டும் வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள்.