அடைப்பு வீடு

அப்பா இறந்தது அவிட்ட நட்சத்திரத்தில். அதில் சாவு விழுந்தால் ஆறு மாதம் வீட்டை அடைத்துவைக்க வேண்டும்; மீறித் திறந்து புழங்கினால் அதே வீட்டில் இன்னொரு சாவு விழும் என்பார்கள் எங்கள் பக்கத்தில். வசதியுள்ளவர்கள் ஓர் அறையைப் பூட்டிவிட்டு மற்ற அறைகளில் இருந்துகொள்வார்கள். காரைக்காலில் அரசாங்கம் எங்களுக்கு வாடகைக்குக் கொடுத்திருந்த வீட்டில் இருந்ததே ஓர் அறைதான். அம்மா பூட்டைத் தொங்கவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு பூவத்தில் மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். எழுபதுகளின் கடைசி. எனக்குப் பதினேழு வயது.

குடியிருப்பு அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். துக்கத்தைப் போய் யார் மனுவாக எழுதிக் கொடுப்பார்கள்? மூன்றாம் மாதம் பக்கத்து வீட்டுக்காரர் பஸ் ஏறி வந்து, "கதவுல நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க, வந்து பாருங்க" என்றார். போனோம். அம்மா தெருவிலேயே நின்றுகொண்டு என்னைப் படிக்கச் சொன்னாள். நாங்கள் குடியிருக்காமல் வீட்டைப் பூட்டிப்போட்டிருக்கிறோமாம். கோர்ட் மூலம் காலி செய்ய வைப்பார்களாம். படிக்கும்போது கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ கேட்டுக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமும் வந்துவிடும். அரைகுறையாகப் படித்துவிட்டுப் படியிறங்கினேன்.

கோர்ட்டில் எங்கள் வக்கீல் அடைப்பைப் பற்றிச் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. நீதிபதி காலி செய்ய உத்தரவிட்டார். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. பிறகு, அதை நிறுத்திவைக்கத் தமக்கு அதிகாரம் உண்டு என்று சொல்லி அம்மாவைப் பார்த்தார்.

"நிறுத்தி வைக்கிறேம்மா. ஆனா இன்னைக்குச் சாயந்தரத்துலேருந்து நீங்க அங்க குடியிருக்கணும். மறுபடி பூட்டு தொங்குச்சுன்னா உத்தரவு நடந்துரும்."

"அடைப்பு முடிய இன்னும் ரெண்டு மாசம் இருக்குங்கய்யா" என்றாள் அம்மா.

அவருக்கும் அடைப்பு என்றால் என்னவென்று தெரிந்திருந்தது.

"அதை நான் எழுத முடியாதும்மா."

கருணைதான், மறுக்கவில்லை. ஆனால் அதை வாங்கிக்கொண்டு திரும்பிய வழியெல்லாம் அடைப்பில் மீதியிருந்த நாட்களை எண்ணிக்கொண்டே வந்தேன்.

உப்புக்காற்றில் பூட்டு துருவேறி இறுகியிருந்தது. சாவிக்குக் கை நீட்டினேன். அம்மா தரவில்லை.

"நீ தள்ளி நில்லு. மொதல்ல நான் போறேன்."

விளக்கேற்றினாள். அப்பாவைக் கிடத்தியிருந்த இடத்தில் பாயை விரித்துத் தானே உட்கார்ந்துகொண்டாள். "இது என் எடம். நீ இங்க படுக்கக் கூடாது. வர்றது என்கிட்ட வரட்டும்."

அந்த இரண்டு மாதமும் காலையில் கண் விழித்ததும் நான் முதலில் பார்த்தது அவள் வயிறு ஏறி இறங்குகிறதா என்பதைத்தான். ஒருநாள் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"இருக்கேன்டி. போயி வாசக்கதவைத் தொறந்து வை. பூட்டியிருக்குன்னு எழுதிட்டுப் போயிரப் போறாங்க."