மணிக்கட்டு நிமிரும்வரை

வயலின் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு முதலில் காதுதான் கெடும் என்று நினைக்கிறார்கள். எனக்குக் கெட்டது கண். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்பவர், டீ ஆற்றுகிறவர், யாரைப் பார்த்தாலும் முகம் தெரிவதில்லை, மணிக்கட்டுதான் தெரிகிறது. பாட்டோ படமோ நீச்சலோ, ஊரார் பிள்ளைகளின் உடம்பைத் திருத்திப் பிழைக்கும் எல்லோருக்கும் நான் சொல்வது புரியும்.

கல்லூரி முடித்ததிலிருந்து வண்ணார்பேட்டையில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் வகுப்பு நடத்துகிறேன். வந்தவர்களில் மகேஸ்வரிக்குத்தான் காது இருந்தது. கீழே லாரி ஹார்ன் அடித்தால் அதே சுருதியைத் தன்னையறியாமல் முனகுவாள். கைதான் இல்லை. பத்தாவது முடியும்வரை பார்ப்பேன், அதற்குள் தேறாவிட்டால் நிறுத்திவிடுவேன் என்று அவள் அம்மா சேர்க்கும்போதே சொல்லியிருந்தார். எனக்கு இருந்த அவகாசம் அதுதான்.

விழுந்துவிடும்

நம் கர்நாடக முறையில் வயலினைக் கை தாங்க வேண்டியதே இல்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்து, தலைப்பகுதியை வலது கணுக்கால் மேல் வைத்து, மறுமுனையைத் தோளோரம் அணைத்துக்கொண்டால் அது பாட்டுக்கு நிற்கும். இடது கை தந்தியின் மேல் ஏறி இறங்கத்தான் இருக்கிறது. மகேஸ்வரியோ மணிக்கட்டை மடக்கி, உள்ளங்கையை வயலின் கழுத்தோடு ஒட்டி, கட்டைவிரலால் நெரிப்பாள். அப்படிப் பிடித்த கை நகராது. நகராத கையில், சுரத்தை வளைத்து அசைக்கும் கமகம் வராது. வலி மட்டும் வரும்.

இதையெல்லாம் விளக்கி, ஏன் இப்படிப் பிடிக்கிறாய் என்று கேட்டேன். என் அறியாமையைப் பார்த்துப் பாவப்பட்டவள் போல, பொறுமையாகச் சொன்னாள்: "விட்டா விழுந்துரும்லா மிஸ்."

பழம்

உள்ளங்கைக்கும் வயலின் கழுத்துக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு என்று விரல்களுக்குப் புரிய வேண்டுமே. ஒரு சின்ன எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து, நசுங்காமலும் நழுவாமலும் தினமும் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பழகச் சொன்னேன்.

அடுத்த வகுப்புக்கு மகேஸ்வரி வெறுங்கையோடு வந்தாள். பின்னாலேயே அம்மா. பழத்தைக் குங்குமம் தடவி சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாராம். நான் விளக்க வாயெடுத்தேன். எனக்கு வாயெடுத்தால் வார்த்தை வர நேரமாகும். அதற்குள் அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எந்தக் கோயில்ல மந்திரிச்சது மிஸ்? இவ அப்பாவுக்கும் முட்டு வலி இருக்கு, இன்னொண்ணு கிடைக்குமா?"

நாலு கம்பி

கை சரியாகும்வரை பாட்டு கிடையாது என்பது என் விதி. வெறும் தந்தியில் வில்லை நீளமாக இழுப்பது, அப்புறம் ஸரிகம ஏறி இறங்கும் ஸரளி வரிசை, அதுவும் பைய. மாடியில் எங்களுக்கே சலித்தது என்றால் கீழே பாத்திரக்கடை அண்ணாச்சி எப்படித் தாங்கினாரோ.

ஒருநாள் படியேறி வந்தார். வாடகை விஷயமோ என்று பயந்து எழுந்து நின்றேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்று, கோபமே இல்லாமல் சொன்னார்: "ஏம்மா, அந்த நாலு கம்பியையே எத்தன மாசத்துக்குத்தான் இழுப்பிய? பிள்ளைகளுக்கு ஒரு பாட்டு வாங்கிப் போடக் கூடாதா?"

வளையல்

நான் பாட்டு வாங்கிப் போடவில்லை என்பதால் மகேஸ்வரியின் அம்மா யூடியூபில் வாங்கிப் போட்டார். நவராத்திரிக்கு அவர்கள் குடியிருப்பில் கொலு. என்னையும் அழைத்திருந்தார்கள். பட்டுப்பாவாடையும் கை நிறைய வளையலுமாக மகேஸ்வரி, அதைப் பார்த்துப் பழகிய ஒரு பக்திப் பாட்டை வாசித்தாள். மணிக்கட்டு மடிந்தேதான் இருந்தது. பாதியில் சுண்டுவிரல் நடுங்கியது. யாரும் கவனிக்கவில்லை, எல்லோரும் கைதட்டினார்கள்.

அவள் கையை மடிக்குள் ஒளித்துத் தேய்த்துக்கொண்டதைப் பார்த்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. முன்பின் தெரியாத பக்கத்துப் பெண்மணியிடம், அவள் கையைக் கவனித்தீர்களா என்று கேட்டுவிட்டேன். அவர் சுண்டலை மென்றபடி தலையாட்டினார்: "நானும் அதத்தான் பாத்துட்டே இருக்கேன். அந்த வளையல் எந்தக் கடையில எடுத்ததுன்னு தெரியுமா?"

நிமிர்ந்தது

அன்றைய வலி, நான் மாதக்கணக்கில் சொன்னதை அவளுக்குச் சொல்லிவிட்டது. அதன்பின் அவளே பழம் வாங்கி வந்தாள். வாசிக்கும்போது மணிக்கட்டைப் பார்க்க ஒரு கண்ணாடியைத் தரையில் சாய்த்து வைத்துக்கொண்டாள். தை போய் மாசி வந்தது. ஒரு சாயங்காலம், பார்த்துக்கொண்டே இருக்கும்போது உள்ளங்கை வயலின் கழுத்திலிருந்து விலகி, மணிக்கட்டு நிமிர்ந்து நின்றது. மேல் ஷட்ஜத்துக்கு, அந்த உச்சி ‘ஸ’வுக்கு, விரல் வழுக்கிக்கொண்டு போய்ச் சரியாக நின்றது. அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பரீட்சை முடியட்டும், வரிசைகளைத் தாண்டி வரும் முதல் உருப்படியான வர்ணத்தைத் தொடங்கிவிடலாம் என்றேன்.

பரீட்சை முடிந்தது. அம்மா அல்வா டப்பாவோடு வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. பின்னால் மகேஸ்வரி தரையைப் பார்த்து நின்றாள். அவளுடைய இடது கை விரல்கள் மட்டும் துப்பட்டாவின் ஓரத்தில், சத்தமில்லாமல், எதையோ வாசித்துக்கொண்டிருந்தன. அம்மா சொன்னார்: "எல்லாம் உங்க புண்ணியம் மிஸ். டைப்ரைட்டிங் மாஸ்டர் இவ கையப் பாத்துட்டு, மணிக்கட்டு சாயாம இப்படி ஒரு பிள்ள வந்ததே இல்லன்னு சொல்லுதாரு. அதான் வயலின நிறுத்திட்டு, சாயந்தரம் அங்கன சேத்துட்டேன்."

இந்த வண்ணார்பேட்டையில் நான் நிமிர்த்திக் காட்டிய ஒரே மணிக்கட்டு, இப்போது தினமும் என் மாடிப்படியைத் தாண்டிப் போய், கொஞ்சமும் சாயாமல், ஏ எஸ் டி எஃப் அடித்துக்கொண்டிருக்கிறது.