வீட்டுக்கு வந்த பால்மாப் பேணி

கப்பல்துறைக் கிராமப் பக்கத்தில் நான் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தர். தாய்மாருக்கு வெறும் 'மிஸ்'. பால்மாக் கம்பனிக்காரர் தாய்மாரைத் தேடிப்போய் விளம்பரம் செய்யக்கூடாது, இலவசமாகத் தகரப் பேணியில் மா கொடுக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. கிளினிக் நாளில் அதை வாய் ஓயாமல் சொல்பவளும் நான்தான்.

ஒருநாள் மடிப்புக் கலையாத சட்டையோடு ஒருவர் வந்தார். டவுனில் கர்ப்பிணிகளுக்குப் போஷாக்கு வகுப்பு நடக்கப்போகிறதாம், அழைப்புச் சொல்ல தொலைபேசி இலக்கங்கள் வேண்டுமாம். யார் நடத்துவது என்று நான் கேட்கவில்லை.

"உங்களைப்போல மிஸ்மார் இருக்கிறபடியாத்தான் இஞ்ச பிள்ளையள் நல்லா வளருதுகள்" என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பதிவேட்டை விரித்து நான் வாசிக்க வாசிக்க அவர் எழுதிக்கொண்டார். வகுப்பு நடக்கவில்லை. நானும் மறந்துபோனேன்.

சில மாதங்களுக்குப் பிறகு, அந்தப் பதிவேட்டில் இருந்த ஒருத்தி தன் முதல் பிள்ளையை நிறுக்கக் கொண்டுவந்தாள். மூன்று மாதக் குழந்தை. போன முறையைவிட நிறை குறைந்திருந்தது. என்ன கொடுக்கிறாய் என்று கேட்டேன்.

"பால்மா மிஸ். கோல் எடுத்துக் கதைச்சிட்டு வீட்டையே கொண்டுவந்து சும்மா தந்தவை. மிஸ்தான் நம்பர் தந்தவ எண்டு சொன்னவை. அப்ப நல்லதாத்தானே இருக்கும் எண்டு குடுத்தனான்."

பேணி கெதியில் முடிந்துவிடக்கூடாதென்று போத்தல் நிறையத் தண்ணீருக்கு ஒரு கரண்டி மா போட்டிருக்கிறாள். பிள்ளை போத்தலுக்குப் பழகி மார்பைத் தள்ள, தாய்ப்பாலும் வற்றிவிட்டது.

எனக்கு அழுகை வரவில்லை. அந்த மனிதர்மேல் கோபம்கூட வரவில்லை. கை தன்பாட்டில் வளர்ச்சி அட்டையில் புள்ளியை வைத்தது. இருவரையும் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பின்னேரம் கம்பனிமேல் முறைப்பாடு எழுதினேன். இலக்கம் எப்படிக் கிடைத்தது என்பதற்கு, 'நான் கொடுத்தேன்' என்று எழுதினேன். எங்கள் பணிமனை டொக்டர் வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் முறைப்பாட்டுக் கோப்பில் வைத்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஆஸ்பத்திரியில் பிள்ளையைத் தேற்றிவிட்டார்கள். எவ்வளவோ முயன்றும் பால் திரும்பவில்லை. அவர்கள் வீடு திரும்பிய மறுநாள் போய்ப் பார்த்தேன். குசினியில் புதுப் பேணி இருந்தது.

"இனி மாதான் மிஸ், வேற வழியில்லை. ஆஸ்பத்திரியிலயும் கரைக்கிற விதம் காட்டினவை. எண்டாலும் நீங்கள் ஒருக்காப் பக்கத்தில நிண்டு சொல்லுங்கோ. நீங்கள் சொன்னாத்தான் எனக்கு நம்பிக்கை" என்றாள்.

தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். கரண்டியைத் தலைதட்டி அளந்து காட்டினேன்.